சோதனைப் படம்

ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வருவதற்குள் தம்பியின் படம் சுவரில் இருக்க வேண்டும். இரண்டடி உயரத்தில். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

இன்று வெள்ளி.

ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் அக்கா. அறுபதைத் தாண்டிய முதலாளிக்கும்கூட. தம்பி அங்கே கேமரா பிடித்த ஆறு வருடமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவன் எடுப்பான், இவள் கம்ப்யூட்டரில் திருத்துவாள். லாரி ஒன்று அவன் பைக்கை இடித்து இருபத்தாறு நாள் ஆகிறது.

ஊரையே படம் எடுத்தவனுக்குப் படம் இல்லை. கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவன் எதில் இருப்பான்? செல்போனும் அவனோடு நொறுங்கிப் போனது. மிச்சம் ஒன்றே ஒன்று. விளக்கு வெளிச்சம் சரிபார்க்க அவனையே ஸ்டூலில் உட்காரவைத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் எடுத்தது. நேராகப் பார்ப்பான். அடுத்த நொடி ஏதோ கேலி பேசப்போகிற வாய்.

திறந்தாள். இரண்டடிக்குப் பெரிதாக்கினாள்.

முகம் உடைந்தது. கன்னம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கண்ணைச் சுற்றி அழுக்குப் புழுக்கள் மாதிரி ஏதோ நெளிந்தது.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். யார் செய்த வேலை என்று அந்தக் கைக்குத் தெரியும்.

ஜேபெக் என்கிற படக்கோப்பு ஒரு அவசரக்காரன். சேமிக்கும் ஒவ்வொரு முறையும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கொஞ்சம் நுணுக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மூட்டை கட்டும். எறிந்தது எறிந்ததுதான். கடைகளின் வெப்சைட்டுக்குப் படங்களைச் சுருக்கும் வேலை வரும்போதெல்லாம், எவ்வளவு சுருக்கினால் தாங்கும் என்று முதலில் ஒரு படத்தில் சோதிப்பாள். எந்தப் படத்தில்? தம்பியின் முகத்தில்தான். வேலைக்கு நடுவே அவனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. தரம் அறுபது. நாற்பது. அகலத்தில் பாதி. சேமி. அதே கோப்பின் மேலேயே சேமி. வாடிக்கையாளர் படமென்றால் நகல் எடுக்காமல் விரல் வைக்க மாட்டாள். இது வீட்டுப் படம்தானே.

மூன்று வருடம், ஆசை ஆசையாகப் பார்த்தே தேய்த்திருக்கிறாள். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பு எப்போதோ அழிந்து, அந்த மெமரி கார்டில் நூறு கல்யாணம் ஏறி இறங்கியாயிற்று.

முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்குப் பட்டப்பெயர் கத்தரி. ஒரு கல்யாணப் படத்தில் இடம் போதவில்லை என்று மாமனாரையே வெட்டியவர். விஷயத்தைக் கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"வாட்ச் கடை விளம்பரத்துக்குக் கை குடுத்தது நம்ம பையன்தானே?"

அவள் நிமிர்ந்தாள். கை மாடல் வராத நாளில் தம்பியே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு விளக்கின் முன்னால் போய் நின்றான். விளம்பரத்தில் வந்தது மணிக்கட்டு மட்டும். ஆனால் அவள் மற்றதை வெட்டவில்லை, மறைத்திருந்தாள். அடுக்கடுக்காக வைக்கிற கோப்பில் மறைத்தது அழியாது. மறைப்பை விலக்கினால் அப்படியே இருக்கும்.

கோப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இடத்தை அடைக்கிறது என்று பெரிய கோப்புகளை வருடா வருடம் காலி செய்பவர் இதே கத்தரி. ஒரு ஹார்டு டிஸ்க்கில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது, இழுப்பறையின் அடியில் கிடந்தது. அதில் இருந்தது.

மறைப்பை விலக்கினாள். மணிக்கட்டைத் தொடர்ந்து முழங்கை வந்தது. தோள். கழுத்து. முகவாயில் சவரத்தில் விட்டுப்போன ஒற்றை முடிகூடத் துல்லியம். முகம்.

கண் மூடியிருந்தது. ஃப்ளாஷ் அடித்த நொடி.

கத்தரி தொண்டையைச் செருமினார். கண்ணைக் கம்ப்யூட்டரே வரைந்து தருமே, கல்யாண குரூப் படத்தில் எத்தனை பேருக்குத் திறந்துவிட்டிருக்கிறோம் என்றார். அவளும் வரையவிட்டாள். அழகான கண்கள் வந்தன. சனிக்கிழமை மதியம் அதை மடிக்கணினியில் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள்.

"யாருடி இது?"

அவள் கம்ப்யூட்டர் வரைந்த கண்ணை அழித்து, கண் மூடிய படத்தைக் காட்டினாள். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் படுத்திருந்தான். வேணாம்மா. மூடிடு."

கடைசியாக அந்தத் தேய்ந்த படத்தைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: சுருக்கியது, மேலேயே சேமித்தது, நகல் எடுக்காதது. அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ. திரையில் பொடியாகத் தெரிந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெருசா போட்டா இவன் ஒடைய மாட்டான்?"

"தீப்பெட்டி அளவும்மா."

"கண்ணு தெறந்திருக்குல்ல. அது போதும்."

அந்த அளவிலேயே அச்சடித்தாள். ஏற்கெனவே வாங்கிவைத்த இரண்டடிச் சட்டத்தில், வெள்ளை அட்டைக்கு நட்டநடுவில் ஒட்டினாள். கோப்பைத் தேயாத வடிவத்தில் மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினாள். கன்றுக்குட்டி ஓடியபின் தொழுவத்துக்குப் பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வாசலிலிருந்தே சுவரைப் பார்த்து விழித்தார்கள். வெள்ளையாக ஏதோ மாட்டியிருக்கிறது. பிறகு ஒவ்வொருவராகக் கிட்டே போனார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சித்தி எக்கி நின்றாள். கத்தரி, சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற தூரத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, "என்னமோ சொல்ல வரான்," என்றார்.

அக்கா மட்டும் கிட்டே போகவில்லை. அந்த முகத்தில் எந்தக் கட்டம் எங்கே உடைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.