மூன்று ஓட்டைக் குடம்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கார் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, சாவு நடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே இளநீரும் குடித்துவிட்டுப் போகிற கூட்டம் ஒன்று முளைத்திருந்தது. பக்கத்துப் பென்னலூரில் பிறந்த செந்தாமரைக்கு அவர்களைக் கண்டாலே குமட்டும். அங்கேயே இருந்த ரகுபதியின் மண்பாண்ட ஸ்டுடியோவில் அதைவிட அதிகமாகக் குமட்டப்போகிறது என்று அவள் நினைக்கவில்லை.

அவள் மெட்ராஸில் ஒரு அலங்காரக் கம்பெனியில் டிசைனர். ஒரகடம் பக்கம் வரப்போகிற தொழிற்சாலையின் விருந்தினர் விடுதிக்குச் சாப்பாட்டுக்கூடம் வடிவமைப்பது அவள் தனியாகச் செய்யும் முதல் வேலை. "ரகுபதிகிட்ட ஒரு தண்ணிப் பானை இருக்காம், போய்ப் பாத்துட்டு வாம்மா. அதுக்குத் தோதா தட்டு கிண்ணமெல்லாம் நீ வரைஞ்சிடு. திங்கட்கிழமை வர்ற வெள்ளைக்காரங்களுக்குப் பிடிச்சா உன் வேலை நிரந்தரம். இல்லன்னா பாத்துக்கலாம்" என்று முதலாளி நரசிம்மன் சொல்லியனுப்பியிருந்தார். அவர் பாஷையில் 'பாத்துக்கலாம்' என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் புளித்த களிமண்ணின் சாக்கடை வாடை அடித்தது. ரகுபதி கதர் ஜிப்பாவில் நின்றார். ஜிப்பாவில் அழகுக்கென்று இரண்டு மண் கறை இருந்தது. நகக்கண்ணில் ஒரு பொட்டு மண் இல்லை. மண்ணை மிதிப்பது, சக்கரத்தில் உட்காருவது, சூளை வைப்பது எல்லாம் உள்ளூர் அம்சவல்லியும் மற்றவர்களும்தான். மண்ணோடு பேசுவது மட்டும் அவர்.

"இதான்" என்று துணியை விலக்கினார். "இது ஒண்ணுதான் சுட்டிருக்கேன். பத்திரம்."

உருண்டைக் குடம். ஒரு பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஓட்டைகள். அவர் தண்ணீர் ஊற்றியதும் மூன்று தாரை வளைந்து மூன்று கண்ணாடி டம்ளரில் விழுந்தது. "ஃப்ளோன்னு பேரு வச்சிருக்கேன். டேபிள் நடுவுல வச்சா எப்படி இருக்கும் பாருங்க."

செந்தாமரை ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மண் மிதித்துக்கொண்டிருந்த அம்சவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தாள். "ஒருக்கா அத்தத் தொட்டுட்டு வூட்டுக்குப் போயி, தலைக்கு ஊத்திக்கினுதாம்மா அடுப்பாண்ட போனேன்."

"சார், இது கொள்ளிக்குடம்" என்றாள் செந்தாமரை. "சுடுகாட்டுல பொணத்தச் சுத்தி வரும்போது மகன் தோள்ல இருக்கறது. சுத்துக்கு ஒரு ஓட்டை."

"தெரியும்மா. நான் என்ன லண்டன்லயா பொறந்தேன்?" என்று சிரித்தார். "வர்றவங்களுக்குத் தெரியாதில்ல. ஃபார்ம்தான் முக்கியம். இது எங்க கிடைச்சுதுன்னு காட்டறேன், வாங்க."

உள்சுவரில் கதவளவுக்கு ஒரு போட்டோ மாட்டியிருந்தது. ஈர வேட்டி, தோளில் குடம், வெயிலில் மின்னும் மூன்று தாரை. முகத்தை மூக்குக்குக் கீழே வெட்டியிருந்தார். கதறுகிற வாய் மட்டும் தெரிந்தது. குடத்தைப் பிடித்த முழங்கையில், லேத் பட்டறையில் கிழித்த நீளத் தழும்பு.

அண்ணன் டில்லிபாபுவின் கை அது. மாசி மாதம் அப்பா போனபோது பெண்களெல்லாம் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்த எதையும் அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"ரோட்ல போயிட்டிருந்தேன். என்ன லைட் தெரியுமா அன்னிக்கு. பையன் அழுததுல குடம் ஆடிச்சு, அதான் தண்ணி இப்படி வளைஞ்சிருக்கு. ஒரு ரோல் முழுக்கத் தீத்துட்டேன்."

சீ என்றிருந்தது அவளுக்கு. எச்சில் ஊறி வாய் புளித்தது. அந்த ஆளின் மீதும், அந்தச் சுத்தமான நகத்தின் மீதும், இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற தன் மீதும் அருவருப்பு வந்தது. திங்கட்கிழமையை நினைத்து ஒரு நிமிஷம் விழுங்கிப் பார்த்தாள். இறங்கவில்லை.

"சரி சார்" என்றாள். "தோள்ல வச்சு நடந்து காட்டுங்க. தண்ணி விழற வாகு தெரிஞ்சாத்தானே நான் வரைய முடியும்."

அவர் கை தானாகப் பின்னுக்குப் போனது. "அதெல்லாம் வேணாம்மா."

"ஃபார்ம்தானே சார்."

"விளையாடாதீங்க. எங்கப்பா உயிரோட இருக்காரு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்கப்பா இல்ல சார்" என்றாள் செந்தாமரை. "போட்டோல அழுவறது எங்க அண்ணன்."

குடத்தை மறுபடி நிரப்பித் தூக்கி இடது தோளில் வைத்தாள். குளிர்ந்த தண்ணீர் ரவிக்கையை நனைத்து முதுகில் இறங்கியது. நடந்தாள். அவரை ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாம் சுற்றில்தான் நடுவில் நிற்பது யார் என்பது அவருக்கு உறைத்தது. "ஏம்மா, ஏம்மா" என்று துள்ளியவர், அம்சவல்லி மிதித்து வைத்த சேற்றுக் குழியில் முழங்கால்வரை இறங்கினார். அம்சவல்லி கை கொடுக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றில் நடுவில் ஆள் இல்லை. அது அப்பாவுக்கு. அதில் மட்டும் செந்தாமரை அழுதாள்.

வாசலைப் பார்த்து நின்று, குடத்தைப் பின்பக்கமாக விட்டாள். உடைந்தது.

"திங்கட்கிழமை அவங்களுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்?" என்று சேற்றிலிருந்து குரல் வந்தது. "இங்க பாரும்மா, நீ என்ன பண்ணி வச்சிருக்க பாரு."

"திரும்பிப் பாக்கக்கூடாது சார்" என்று வாசலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொள்ள பென்னலூர் வீட்டுக்கு நடந்தாள்.