புது மெஷினில் பிள்ளைகள் பச்சையாக வந்த கதை

பழைய மெஷினுக்கு இனிமேல் உதிரிபாகம் வராது என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்த அன்று கட்டிங் அக்கா பெருமூச்சு விட்டாள். நிம்மதிப் பெருமூச்சு. ஆனால் முதலாளி பக்கத்திலேயே நின்றதால் அதை வருத்தம் மாதிரி காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலாளி வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அச்சகத்தில் பேப்பர் வெட்டுவதும் மடிப்பதும் ஒட்டுவதும் அவள் பொறுப்பு. அதனால் தெருவுக்கே அவள் கட்டிங் அக்கா. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதும் மெஷினை ஓட்டுவதும் அவளுடைய தம்பி. முதலாளிக்கு என்ன வேலை என்றால், வருகிறவர்களிடம் பேசுவது, அச்சான தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டுவது. "என் கண்ணு தப்பாது" என்பார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

பழைய மெஷினுக்குத் தம்பி வைத்த பேர் பெரியம்மா. காலையில் எழுப்பினால் முனகும். கொஞ்சம் தடித்த கார்டைக் கொடுத்துவிட்டால் தொண்டையில் வைத்துக்கொண்டு விழுங்கவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பேப்பரில் ஈரம் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். இது போதாதென்று, எந்தப் படத்தைப் போட்டாலும் சிவப்பைத் தூக்கலாகப் பூசும். வாங்கிய புதிதில் அதைப் பற்றி வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. அப்புறம் தம்பி எப்படியோ சரிக்கட்டி ஓட்டினான், எல்லோரும் மறந்துபோனார்கள்.

இப்போது அவசரம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு. பிள்ளைகள் அத்தனை பேர் முகமும் கலரில் வரும் புத்தகம். அந்த ஒரு வேலைதான் அச்சகத்தைத் தாங்கி நிறுத்தியது. மற்றதெல்லாம் விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும். அதை வைத்து விளக்குத்தான் எரியும், அடுப்பு எரியாது. போன வருஷம் பெரியம்மா பாதியில் படுத்துவிட்டதில் மலர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. "படமெல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனா அடுத்த வருஷமும் லேட் ஆச்சுன்னா நான் வேற இடம் பார்த்துக்குவேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முதலாளி தூக்கத்தில் பக்க எண் சொல்ல ஆரம்பித்தார்.

புது டிஜிட்டல் பிரஸ் பார்க்க அவர் கிளம்பிய காலையில் துவைத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக நின்றார்.

"மெஷின் உங்களைப் பார்த்துட்டுப் பிடிக்கலன்னு சொல்லிடுமோ?" என்றாள் அக்கா.

"நீ சும்மா வா. அவங்க படத்தை அவங்க மெஷின்ல போட்டா அழகாத்தான் வரும். நான் ஏமாறுவேனா? நம்ம படத்தைக் கொண்டுபோறேன்" என்று பாக்கெட்டைத் தட்டினார். போன வருஷத்து மலரின் ஒரு பக்கம் பென் டிரைவில் இருந்தது. அச்சான அதே பக்கத்தையும் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டார். "இது மாதிரியே எது போடுதோ, அதுதான் நமக்கு."

நல்ல யோசனைதான். அக்காவுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குத் தாங்காது.

தம்பி வரவில்லை. பெரியம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கே வருவது?

முதல் ஷோரூம் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. மெஷினைக் காட்ட ஒரு பெண் வந்தாள். பென் டிரைவைச் செருகினாள். மெஷின் இருமவில்லை, முனகவில்லை. தாள் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. முதலாளி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மாறியது.

முன்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் பச்சை பூத்துப்போய் இருந்தார்கள். நேற்று எதையோ ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டு இன்று போட்டோவுக்கு வந்து நின்ற மாதிரி.

"ஏம்மா, நான் பிள்ளைங்களைத்தானே குடுத்தேன்? வெண்டைக்காயையா குடுத்தேன்?"

அந்தப் பெண் பதறிப்போய் மெஷினின் கலரைச் சரிபார்த்துவிட்டு மறுபடி போட்டாள். பிள்ளைகளுக்கு உடம்பு தேறவில்லை.

அக்காவுக்குப் படத்தைவிட வேறு கவலை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் வெட்டும்போது அவள் உயிர்தான் போகும். தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்திருந்தது. தடித்த கார்டைக் கொடுத்துப் பார்த்தாள். சிக்காமல் வந்தது.

"ஏம்மா, இது நின்னு போச்சுன்னா சரிபண்றவர் யாரு?"

"எங்க சர்வீஸ் டீம் எப்பவும் ரெடியா இருக்கும் மேடம்."

"டீம் வேணாம்மா. ஆளைச் சொல்லு. நம்பர் குடு."

நம்பரை வாங்கி அங்கேயே நின்று போன் போட்டாள். எடுத்தவன் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. "எந்த மெஷின்க்கா? சத்தம் வருதா, சும்மா நிக்குதா? பேப்பரை எப்பப் பிரிச்சு வெச்சீங்க?" என்று அவன் கேட்டுக்கொண்டே போனான்.

"இன்னும் வாங்கவே இல்ல தம்பி. நீ போனை எடுக்கிறியான்னு பார்த்தேன்."

"எடுத்துட்டேனேக்கா" என்றான்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பெரியம்மாவின் சர்வீஸ் ஆள் ஒருவன் இருந்தான். அவன் போனை எடுப்பது கிரகணம் மாதிரி, எப்போதாவதுதான்.

கிளம்பும்போது அந்தப் பெண் இவர்கள் இருவரையும் மெஷின் முன்னால் நிற்கவைத்துத் தன் போனில் ஒரு படம் எடுத்தாள். அதை அங்கேயே அச்சடித்துக் கையில் கொடுத்தாள், அக்காவின் போனுக்கும் அனுப்பினாள். படம் கண்ணாடியில் பார்த்தது மாதிரி வந்திருந்தது. முதலாளியின் மாறிப்போன பொத்தான்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

ஆனாலும் அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். "உங்க மெஷினை ஒரு நல்ல கண் டாக்டர்கிட்ட காட்டும்மா."

அடுத்த ஷோரூமிலும் பிள்ளைகள் பச்சை. அதற்கடுத்ததிலும் பச்சை.

"இப்ப வர்ற மெஷின் எல்லாமே இப்படித்தான்" என்று முதலாளி வீட்டில் தீர்ப்புச் சொன்னார். "பழைய மெஷினோட நேர்மை இதுகளுக்குக் கிடையாது."

"ஆமாமா. எல்லா மெஷினும் ராவோட ராவா கூடிப் பேசி உங்களைக் கவுக்கப் பார்க்குது" என்றாள் அக்கா.

அப்போதுதான் ஒரு தரகர் வந்தார். யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்த மெஷின் ஒன்று அவர் குடோனில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தார்கள். தார்ப்பாயை விலக்கி, ஊதி, தட்டி, மெஷினை எழுப்பினார் தரகர். அது குடோனே அதிரும்படி ஓடியது. தாள் வெளியே வந்தது.

பிள்ளைகள் அத்தனை பேரும் அழகாக இருந்தார்கள். அட்டைக்குள்ளிருந்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் முதலாளி. அச்சு அசல். தாளை அவள் பக்கம் நீட்டினார். "பார்த்தியா? இதுதான் மெஷின்."

"சார் கண்ணு கண்ணுதான்" என்றார் தரகர். முதலாளி அங்கேயே கரைந்துபோனார்.

அக்கா தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். முன்பக்கம் ஒரு வழி போனால் பின்பக்கம் வேறு வழி போயிற்று. "இதை யாருங்க சரிபண்றது?"

"இது ரிப்பேரே ஆகாதுக்கா."

"அப்புறம் ஏன் வித்தாங்க?"

"இடம் பத்தலக்கா."

முதலாளி கைகொடுக்கத் தயாராகிவிட்டார். அவர் கையைப் பிடித்து இழுக்க அக்காவால் முடியாது, மூன்றாம் மனுஷன் நிற்கிறார். கொஞ்ச நேரம் தள்ளிப்போட ஏதாவது செய்யவேண்டும் என்று போனிலிருந்த அந்தப் படத்தை நீட்டினாள். "முடிவு பண்றதுக்கு முன்னால நம்ம படத்தையும் ஒண்ணு போட்டுப் பார்த்துடலாங்க. ஆசையா இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஆசை என்று சொன்னது முதலாளிக்குப் புதுசு. "போடுங்க, போடுங்க" என்றார்.

படம் வந்தது. முதலாளியின் இரண்டு கன்னமும் யாரோ மாற்றி மாற்றி அறைந்த மாதிரி சிவந்திருந்தது. அக்காவும் சளைக்கவில்லை, அடுப்புக்குள் தலையை விட்டு எடுத்தவள் மாதிரி இருந்தாள்.

"எனக்குக் காய்ச்சலா என்ன?" என்று முதலாளி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளைங்க நல்லா இருந்தா நாம சிவந்துடறோம். நாம நல்லா இருந்தா பிள்ளைங்க பச்சையாயிடறாங்க" என்றாள் அக்கா. அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் பெரியம்மா முனகுவது கேட்டது.

"அக்கா, அந்தப் பக்கத்துல நான் பச்சை ஏத்தியிருக்கேனே."

"எந்தப் பக்கத்துலடா?"

"எல்லாப் பக்கத்துலயும்தான். பெரியம்மா சிவப்பைக் கொட்டுதுன்னு, வர்ற படத்துல எல்லாம் முன்கூட்டியே பச்சையை ஏத்தி வெச்சிடுவேன். அது சிவப்பைப் பூசும், ரெண்டும் கழிஞ்சு சரியா வரும், முகத்துல லேசா ஒரு சிவப்பு மட்டும் மிஞ்சும். அந்த ஃபைலையா எடுத்துட்டுப் போனீங்க?"

முதலாளி போனைப் பிடுங்கினார். "எங்கிட்ட ஏன்டா மாப்ள சொல்லல?"

"நீங்கதான் மாமா செய்யச் சொன்னீங்க. 'அது எவ்வளவு சிவப்போ, நீ அவ்வளவு பச்சையைப் போடு'ன்னு. அடுத்து வந்த தாளைப் பார்த்துட்டு, என் கண்ணு தப்பாதுன்னீங்க."

முதலாளி போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

தரகர் லேசுப்பட்டவர் இல்லை. "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு சார். உங்க ஃபைல் எல்லாம் பச்சை, இது சிவப்பு. ஒண்ணையும் மாத்த வேண்டாம். அப்படியே ஓட்டலாம்" என்றார்.

முதலாளியின் முகத்தில் ஒரு சபலம் ஓடியது. அவர் நிலைமை அப்படி. ஷோரூமில் அந்தப் பெண்ணிடம் பேசிய பேச்சுக்கு இனி எந்த முகத்தோடு திரும்பிப் போவது? இதை வாங்கிவிட்டால் அந்தத் தெருப் பக்கமே போகவேண்டாம்.

"ஒரு பெரியம்மாவோடதான் இத்தனை காலம் குடித்தனம் பண்ணியாச்சு" என்றாள் அக்கா. அவள் குரலில் கேலி இல்லை. "இன்னொண்ணைக் கூட்டிட்டு வந்து, இதுவும் மலர் பாதியில படுத்துச்சுன்னா, அந்த டீச்சர் முன்னால போய் நான் நிக்கமாட்டேன். நீங்களே நின்னுக்குங்க."

முதலாளி நீட்டியிருந்த கையைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று தரகரிடம் சொன்னார். அப்படி என்றால் என்ன அர்த்தம் என்று தரகருக்குத் தெரியும். அவர் தார்ப்பாயை மூட ஆரம்பித்தார்.

திரும்பவும் அந்தக் கண்ணாடி ஷோரூம். முதலாளி வாசலில் செருப்பைச் சரிபண்ணுவது மாதிரி குனிந்துகொண்டு அக்காவை முன்னால் அனுப்பினார். பயனில்லை. அந்தப் பெண் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"வாங்க சார். பிள்ளைங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"தேறிட்டாங்க" என்றார் முதலாளி தரையைப் பார்த்து. "எனக்குத்தான் வந்துச்சு."

புது மெஷின் வந்து இறங்கியது. போனை எடுத்த அதே ஆள்தான் வந்து பொருத்திக் கொடுத்தான். பெரியம்மாவுக்காக ஏற்றிய பச்சையை ஒவ்வொரு படத்திலிருந்தும் உருவி எடுப்பதற்குள் தம்பிக்குக் கண் பூத்துப்போயிற்று. "வாழ்க்கையில பாதி பச்சையை ஏத்தினேன், மீதிப் பாதி இறக்கிட்டிருக்கேன்" என்றான். நடுவில் ஒருநாள் மெஷின் நின்றது. அக்கா போன் போட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே கூப்பிடுகிறாளா என்று கேட்டுவிட்டு அவன் அன்றைக்கே வந்து சேர்ந்தான்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே மாதிரிப் புத்தகம் தயார். மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தலைமையாசிரியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பல் விழுந்த பையன், கன்னத்தில் மை தீற்றிக்கொண்ட பெண், கண்ணை மூடிவிட்ட இரட்டையர். நின்று நின்று பார்த்து, அவ்வப்போது சிரித்துக்கொண்டார். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கண்ணு தப்பாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசியில் தலைமையாசிரியையின் வாழ்த்துரைப் பக்கம். அங்கே கை நின்றுவிட்டது.

"இது நானா?"

புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"போன வருஷம் இப்படி இல்லையே. ஒரு பொலிவா இருந்தேனே."

முதலாளி தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "போன வருஷம் கலர் கொஞ்சம் கூடிப்போச்சு டீச்சர். இதுதான் சரியான கலர்" என்றாள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை தன்னைப் பார்த்தார். அப்புறம் பிள்ளைகளின் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்.

"பிள்ளைங்க பிள்ளைங்களாவே இருக்காங்க. அது போதும். அடுத்த வருஷத்துக்கும் நீங்களே வெச்சுக்குங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

முதலாளி புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போயிருப்பார். தலைமையாசிரியை தம்பியை மட்டும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி" என்றார் மெதுவாக. "கன்னத்துல மட்டும் கொஞ்சம்."