சரியான வேகத்தில் நெவில்

நெவில் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டான் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். மூன்று வருடங்களுக்கு முன் புற்றுநோய் வந்து அவன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்து அனுப்பினார்கள். கதவு மணிக்குப் பேச வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அதில் வரும் குரல். அவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அக்கா ஜானிஸ் வந்து விஷயத்தைச் சொன்னதும் தலையை இடவலமாக ஆட்டினான், செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்டுக் கடை வைத்திருக்கும் டங்கன் ஒரு எல்.பி. தட்டு கொண்டுவருகிறான். எழுபதுகளின் கடைசியில், எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு இசைக்குழு ஆரம்பித்தார்கள். பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை ஓய்ந்த பிறகு வந்ததால் போஸ்ட்-பங்க் என்று பிறகு பெயர் வைத்தார்கள். அன்றைக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் குழுக்களின் பாட்டுகளைத்தான் டங்கன் ஒரே தட்டில் சேர்க்கிறான். ஜானிஸ் பேஸ் கிட்டார் வாசித்து, நெவில் பாடிய 'கோல்ட் கான்டீன்' குழுவின் 'நாலாவது கேட்' அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் டங்கனுக்கு ஒரு கொள்கை உண்டு. குழுவில் உயிரோடு இருப்பவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் பாட்டு கிடையாது.

"டேய், செத்தவங்களை விட்டுத் தள்ளு. மிச்சம் இருக்கறது நாம மூணு பேர்தான். ஸ்பெயின்ல வெயில் காயற டெஸ்மண்டே சரின்னுட்டான்" என்றாள் ஜானிஸ்.

செய்தித்தாள் அசையவில்லை.

அவன் பிடிவாதத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். நெவிலுக்கு இருபது வயதிலேயே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். பேச்சும் அப்படித்தான், பாட்டும் அப்படித்தான். கத்தி சாணை பிடிக்கும் பட்டறைக்கு மேலே இருந்த ஒரு அறையில், ஸ்டுடியோக்காரன் தயவு நமக்கெதற்கு என்று சொந்த டேப் மெஷினிலேயே பாட்டைப் பதிவு செய்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு மகிழ்ந்துபோய் டேப்பை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அச்சாகி வந்த சின்னத் தட்டில் நெவிலின் குரல் கீச்சென்று இருந்தது. லண்டன்காரன் கெடுத்துவிட்டான் என்று எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். ஷெஃபீல்டில் எது கெட்டுப்போனாலும் பழி லண்டன் மேல்தான் விழும், பாதி நேரம் அது நியாயமாகவும் இருக்கும். மறுபடி அச்சடிக்க யாரிடமும் வழி இல்லை.

தட்டு வெளிவந்த வாரம் ஒரு பப்பின் மாடியில் வாசித்தார்கள். நெவில் வாயைத் திறந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "ரெக்கார்டுல பாடுன பொண்ணு எங்கடா? அவளைக் கூப்பிடு!" என்று கத்தினான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. பிறகு ஆளாளுக்குக் கீச்சுக் குரலில் பாடிக்காட்டினார்கள். நெவில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனான். அதோடு சரி. பஸ் ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பிள்ளைகளை வளர்த்தான். ஒருநாள்கூடப் பாடவில்லை. வீட்டில் இருந்த தட்டுகளை உடைத்துக் குப்பையில் போட்டான்.

ஜானிஸுக்கு இப்போது உறுத்திக்கொண்டிருந்தது வேறு ஒன்று. ஆபரேஷன் முடிந்த சில மாதங்களில் நெவிலின் மனைவி கேய்னர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அந்தப் பழைய பாட்டு உன்கிட்ட இருக்கா கண்ணு? வீடு முழுக்கத் தேடிட்டேன். அவர் குரல் எதுலயுமே இல்ல. போட்டோ எடுத்தோம், வீடியோ எடுக்கல. நாங்க என்ன ராஜ குடும்பமா?" ஜானிஸ் இல்லை என்று சொல்லிவிட்டாள். இருந்தது. ஆனால் அந்தக் கீச்சுக் குரலைக் கொடுத்து இதுதான் உன் புருஷன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கேய்னர் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

டங்கன் கெஞ்சியதால், எதற்கும் இருக்கட்டும் என்று, லண்டனிலிருந்து திரும்பி வந்து பரணில் கிடந்த மூல டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனாள். பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து தட்டு வெட்டுவது அங்கே சாய்ரா என்ற பெண்ணின் வேலை. ஷெஃபீல்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தாவும் ஒரு காலத்தில் எஃகு ஆலையில் உலைப் பக்கம் நின்றவர்தான். டீயும் உருளைக்கிழங்கு வறுவல் வைத்த ரொட்டியும் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து டேப்பை ஓடவிட்டாள். ஜானிஸ் மனசுக்குள் ஒன்றை நினைத்து வந்திருந்தாள். லண்டன்காரன் தட்டாக்கிக் கெடுப்பதற்கு முன்னால் இருந்த டேப் ஆயிற்றே, இதிலாவது தம்பி தம்பியாகப் பாடுவான்.

இதிலும் கீச்சென்றுதான் பாடினான்.

ஜானிஸ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாற்பது வருடம் வாய் ஓயாமல் திட்டிய லண்டன்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் வந்தது. ஒருவேளை அவன் இப்படித்தான் பாடினானோ? நாம்தான் பாசத்தில் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோமோ?

"இல்ல. இது அவன் இல்ல" என்றாள் உரக்க.

"எந்த மெஷின்ல பதிவு பண்ணீங்க?" என்று கேட்டாள் சாய்ரா.

"எங்களோடதுதான். செகண்ட் ஹேண்ட். உள்ள இருந்த ரப்பர் பெல்ட் அறுந்துபோச்சு. டெஸ்மண்ட் அவங்கம்மா வேக்குவம் கிளீனர்ல இருந்து பெல்ட்டைக் கழட்டி மாட்டிட்டான். என்ன பெருமை தெரியுமா அவனுக்கு! அவங்கம்மாகிட்ட அடி வாங்கினான்."

சாய்ரா சிரிக்கவில்லை. "அப்போ பெல்ட் தொளதொளன்னு இருந்திருக்கும். மெஷின் மெதுவா ஓடியிருக்கும். மெதுவா ஓடுன மெஷின்ல பதிவு பண்ணி அதே மெஷின்ல கேட்டா எல்லாம் சரியாத்தான் கேட்கும். ஒழுங்கான மெஷின்ல போட்டா வேகமாயிடும், குரலும் ஏறிடும். லண்டன்லயும் அதான் நடந்திருக்கு, இங்கயும் அதான் நடக்குது."

"எவ்வளவு மெதுவா ஓடுச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? அந்த மெஷின் எங்க போச்சோ."

சாய்ரா மெஷின் பக்கம் திரும்பினாள். பழைய டேப் கையில் கிடைத்ததும் அவள் முதலில் செய்வது, அடியில் ஓடும் கரண்ட் இரைச்சலைத் துடைத்து எடுப்பது. இந்தக் குழுக்களின் மலிவான ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாமே உம்மென்று இரைந்துகொண்டிருக்கும். இந்த முறை அவள் பாட்டை எல்லாம் அடக்கிவிட்டு அந்த இரைச்சலை மட்டும் மேலே கொண்டுவந்தாள்.

"இந்த நாட்டுல கரண்ட் வினாடிக்கு அம்பது தடவை துடிக்கும். அன்னிக்கும் அம்பது, இன்னிக்கும் அம்பது. உங்க டேப்புல இது அம்பத்தெட்டுகிட்ட நிக்குது. இதை இழுத்து அம்பதுக்குக் கொண்டுவந்துட்டா நீங்க வாசிச்ச வேகம் வந்துடும்" என்றாள்.

ஒரு குமிழைத் திருகினாள். இரைச்சல் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. பிறகு பாட்டைத் திறந்துவிட்டாள்.

டிரம்ஸ் கனத்தது. ஜானிஸின் பேஸ் தரையில் கால் ஊன்றி நடந்தது. அதற்குமேல் நெவில் வந்தான். அம்மா செத்த அன்று மாடிப்படியில் நின்று "ஜான், கொஞ்சம் மேல வா" என்று கூப்பிட்டானே, அதே குரல். ஜானிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாய்ரா பக்கத்தில் வந்து டீக் கோப்பையை அவள் எட்டும் தூரத்துக்கு நகர்த்திவைத்தாள்.

டங்கன் வந்து கேட்டான். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஜானிஸ், புரிஞ்சுக்கோ. நாற்பது வருஷமா இந்தப் பாட்டைத் தேடி அலையறவன் எல்லாம் அந்த வேகத்துலதான் காதலிச்சிருக்கான். நான் இதைப் போட்டா என் கடை வாசல்ல வந்து கல்லெறிவான். அது வரலாறு."

"வரலாறா? அந்த வரலாறுதான் அவனை மேடையை விட்டு இறக்குச்சு. உனக்குக் கல்லெறிவாங்களேன்னு கவலை. அவன் மேல அன்னிக்கே எறிஞ்சாச்சுடா."

டங்கன் நல்ல மனுஷன்தான், ஆனால் தட்டுகளோடு பழகிப் பழகி மனிதர்களை அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். பாட்டை இன்னொரு முறை போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "சரி. இதையே போடறேன். ஆனா அவன் சரின்னு சொல்லணும். வர்ற திங்கள் மொத்தத்தையும் அச்சுக்கு அனுப்பறேன், அதுக்கு மேல தள்ள முடியாது" என்றான்.

சாய்ரா அந்தப் பாட்டை மட்டும் ஒரே ஒரு தட்டில் வெட்டிக் கொடுத்தாள். "இது மெத்துன்னு இருக்கற தட்டு, ஜாக்கிரதை. கொஞ்ச தடவைதான் ஓட்டலாம். ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் தேய்ச்சிட்டுப் போகும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜானிஸ் தம்பி வீட்டுக்குப் போனாள். பின்கட்டுச் சமையலறையில் கேய்னர் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சியை அடுப்புக்குள் வேகவைத்துவிட்டு, அதோடு சாப்பிடும் புட்டிங்குக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது, கதவு பாதி சாத்தியிருந்தது. "உள்ள போ கண்ணு, அவர் முன்னறையிலதான் இருக்கார்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

நெவில் தட்டைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். உள்ளங்கையை நீட்டி வேண்டாம் என்றான்.

"நெவ், ஒரே ஒரு தடவை. அப்புறமும் வேண்டாம்னா நானே உடைச்சுப் போடறேன். சத்தியமா."

அவன் வாசல் பக்கம் நடந்தான். ஜானிஸ் காத்திராமல் அலமாரியிலிருந்த பழைய ரெக்கார்டு பிளேயரில் தட்டை வைத்து ஊசியை இறக்கினாள். அவசரத்தில் ஊசி நடுவில்தான் விழுந்தது, பாட்டின் தொடக்கம் தவறிவிட்டது.

கதவுப்பிடியில் கைவைத்தபடியே நெவில் நின்றுவிட்டான். திரும்பவில்லை. தோள் மட்டும் தெரிந்தது. அவன் குரல் அறையை நிறைத்துக்கொண்டு, பூட்டிய ஆலையின் கேட் முன்னால் மழையில் நிற்பவனைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தது. ஜானிஸ் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று போய்விடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. கேட்டுக்கு வெளியே நிற்பவன் பாடுவதை விட்டுவிட்டுப் பேசும் இடம் அது. பாட்டே இல்லாமல், சாதாரணமாக, வேலையிலிருந்து வீடு திரும்பிக் கோட்டைக் கழற்றும் மனிதனைப் போல நெவில் கேட்டான்:

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

சமையலறையிலிருந்து கேய்னர் பதில் சொன்னாள்: "இங்கதான் இருக்கேன் நெவ்! கத்தாத, கையெல்லாம் மாவு."

டிரம்ஸ் திரும்ப ஆரம்பித்தது. குழாய் நின்றது. பிறகு கதவு முழுக்கத் திறந்தது. மாவுக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேய்னர் வந்து நின்றாள். முதலில் புருஷனைப் பார்த்தாள், அப்புறம் சுழலும் தட்டைப் பார்த்தாள். பாட்டு முடியும்வரை மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"அவர்தானே?" என்றாள் கேய்னர்.

"அவன்தான். இதுதான் அவன் பாடின வேகம்" என்றாள் ஜானிஸ். அழுகையில் அவளால் மேலே விளக்க முடியவில்லை. "ஆனா இந்தத் தட்டு தேஞ்சிடும் கேய்னர். ரொம்ப தடவை போட முடியாது."

"தேயாதது எங்க கிடைக்கும்?"

ஜானிஸ் தம்பியைப் பார்த்தாள். கேய்னரும் அவனைப் பார்த்தாள். நெவில் கதவுப்பிடியை விட்டுவிட்டு வந்து, மேஜையில் கிடந்த கருவியை எடுத்தான். அதைக் கழுத்தில் வைத்து அக்காவிடம் மூன்றே வார்த்தை பேசினான். அவனுக்கு அது இன்றைக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேசினான்.

"டங்கனை... போட... சொல்லு."

கேய்னர் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். மாவு துணியில் அப்பியதை அவள் கவனிக்கவில்லை.

"நெவ்" என்றாள், "இன்னொரு தடவை என்னைக் கூப்பிடு."

நெவில் குனிந்து, ஊசியைத் தூக்கி, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தான்.