அத்தை அடித்த ஆணி

அத்தை சுவரில் ஆணி அடித்துவிட்டாள் என்று வாட்ச்மேன் காலையிலேயே போன் செய்துவிட்டார். வெறும் ஆணிகூட இல்லை, ஆள் வைத்து ட்ரில் போட்டிருக்கிறாள். வேறு எந்தக் கம்பெனியிலும் இதை ஒரு சேதியாகவே மதித்திருக்க மாட்டார்கள். சின்ன முதலாளிக்கு மட்டும் குடித்த காபி நெஞ்சிலேயே நின்றது.

சின்ன முதலாளி என்றதும் ஏதோ இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. கம்பெனியின் விற்பனையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய மகன். ஆனால் அவளுடைய அப்பா, அதாவது பெரிய முதலாளி, பொறுப்பை ஒப்படைத்த பிறகும் தினமும் ஆபீசுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால் அவளுக்குப் பெரியவளாக வழியில்லாமல் போய்விட்டது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இவர்கள் மூன்று தலைமுறையாக ஊருக்கெல்லாம் வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டடம் எழும்பினாலும் முதலில் குடிபோவது முதலாளி வீட்டு ஆள்தான். "கட்டினவனே குடியிருக்கான், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று ஜனங்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். தாத்தா காலத்தில் தாத்தாவே பெட்டி படுக்கையோடு போனார். அப்பா காலத்தில் அந்த வேலை அத்தையின் தலையில் விழுந்தது. அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள்.

பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவதுபோல அவள் கட்டடம் கட்டடமாக மாறினாள். மற்ற வீடெல்லாம் தீர்ந்த பிறகு அவள் இருந்த வீட்டையும் விற்பார்கள். முதலாளி குடும்பம் வாழ்ந்த வீடு என்று அதற்குத் தனி மவுசு. வாங்குகிறவர் குறை சொல்லக் கூடாதே என்றுதான் அந்தச் சுவர்களில் ஆணி அடிக்கக் கூடாது என்ற சட்டம். இப்போது இருக்கும் வீட்டுக்கும் ஒரு பல் டாக்டர் முன்பணம் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் அத்தை புதுக் கட்டடத்துக்குக் கிளம்ப வேண்டும்.

சின்ன முதலாளி போனபோது அத்தை சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் பழைய கண்ணாடி ஒன்று தொங்கியது.

"யாரைக் கேட்டு அத்தை ட்ரில் போட்டீங்க?"

"எலக்ட்ரீஷியனைக் கேட்டுத்தான். இந்தப் பக்கம் ஒயர் ஓடலைன்னு சொன்னாரு."

"விளையாடாதீங்க. வீட்டை வித்தாச்சு."

"தெரியுமே. டாக்டர் சம்சாரம் வந்து என் பெட்ரூமை டேப் வச்சு அளந்துட்டுப் போனாங்க. நல்ல மாதிரி. நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சு என்கிட்டயே சொன்னாங்க."

சின்ன முதலாளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தரைக்கு அடியிலிருந்து மோட்டார் உறுமத் தொடங்கியது. அத்தை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. குரலை மட்டும் உயர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

"என் கல்யாணத்துக்கு வாங்கின கண்ணாடி இது. இத்தனை வருஷமா தரையில சாத்தியே கிடந்துச்சு. என் காலை மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நேத்துதான் மூஞ்சியைப் பாத்தேன். கிழவியாயிட்டேன்டி. இனிமே எங்கயும் வரல. எனக்கு இந்த வீடு போதும்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே அத்தை."

"முதலாளி வீட்டு ஆள் போகணும், அதானே வழக்கம்? அப்ப நீ யாரு, பக்கத்து வீடா?"

சின்ன முதலாளி எழுந்து வந்துவிட்டாள்.

ஆபீசுக்குப் போக மனமில்லாமல் வண்டியைப் புதுக் கட்டடத்துக்கு விடச் சொன்னாள். அத்தைக்கு ஒதுக்கிய வீட்டைக் கொஞ்சம் அழகு பண்ணிக் காட்டினால் மனசு மாறுவாள் என்று ஒரு நப்பாசை. இன்ஜினியர் கீழ்த்தளத்தின் பின்மூலைக்கு அழைத்துப் போனார். படுக்கையறை ஜன்னலைத் திறந்தாள். பாதி திறப்பதற்குள் எதிர்ச் சுவரில் இடித்து நின்றது.

"என்ன சார் இது?"

"மோட்டார் ரூம் மேடம். பக்கத்துல ஜெனரேட்டர். எங்கயாவது வச்சுத்தானே ஆகணும்? மத்த வீட்டுப் பக்கம் வச்சா கஸ்டமர் சண்டைக்கு வருவாங்க. அதனால எப்பவுமே அத்தைம்மா வீட்டுப் பக்கம் தள்ளிடுவோம். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எப்பவுமேன்னா?"

"நான் சேர்ந்ததுலேர்ந்து அப்படித்தான் மேடம்."

அவர் குற்றம் சொல்லும் தொனியில் பேசவில்லை. சிமெண்ட் கலவையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஒவ்வொரு வரைபடத்திலும் அவளுடைய கையெழுத்தும் இருக்கிறது, அதற்கு மேலே அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது. ஜெனரேட்டரைப் போடச் சொல்லி அந்த அறையில் நின்றாள். பல் கூசியது. அடுத்தவன் பிள்ளையை ஆற்றில் இறக்கி ஆழம் பார்ப்பது என்று ஊரில் சொல்வார்கள். இவர்கள் சொந்த அத்தையை அல்லவா இறக்கியிருக்கிறார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. வரைபடத்தைச் சுருட்டிக் கையிலேயே எடுத்துக்கொண்டாள்.

ஆபீசில் அப்பாவும் மகனும் காத்திருந்தார்கள். அவள் உட்காராமலே சொன்னாள்.

"டாக்டருக்கு முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். அந்த வீட்டை அத்தை பேருக்கு எழுதிடலாம்."

"அம்மா, டாக்டர் நமக்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னிருக்காரு" என்றான் மகன்.

"வேற வீடு காட்டு. விலையில கொஞ்சம் விட்டுக் குடு."

பெரிய முதலாளி நிதானமாகக் கேட்டார். "சரி, வீட்டை எழுதிக் குடு. என் தங்கச்சிதானே, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா புதுசுல யாரு குடிபோறது? புக்கிங் அன்னைக்கு வர்றவன் முதல்ல கேக்கறது அதைத்தானே. எங்கப்பா காலத்து வழக்கம். என் உசிரு இருக்கற வரைக்கும் அதை விட முடியாது."

"வழக்கத்தை யாரு விடச் சொன்னா? நாமதான் போறோம். நீங்களும் நாங்களும்."

மகன் சிரிக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். தோட்டமும் தாழ்வாரமுமாக இருக்கிற தங்கள் பெரிய வீட்டை விட்டு அப்பா ஒரு நாள்கூட வெளியே படுத்தவரில்லை.

அவள் வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். "இந்த ரூம் உங்களுக்குப்பா."

பெரிய முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எத்தனையோ வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் தன் கட்டிலை எங்கே போடுவது என்று தேடி ஒரு வரைபடத்தைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"ஜன்னலுக்கு எதிர்ல இது என்ன?"

"மோட்டார் ரூம்."

"இந்தப் பக்கம்?"

"ஜெனரேட்டர்."

அவர் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"இந்த ரூம்ல ஒரு மனுசன் எப்படிம்மா படுப்பான்?"

"அத்தை படுத்தாங்கப்பா" என்றாள்.