பெரியதம்பியரின் மணிக்கூடு

இடம்பெயர்ந்தவர்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றும் அந்தச் சின்ன அலுவலகம் கண்டியின் திருகோணமலை வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வவுனியாவிலிருந்து ஃபக்ஸில் வரும் தாள்களில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் திகதியும் நேரமும் இருந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மங்களேஸ்வரிதான். முன்பு அப்படி ஒரு வழக்கம் இருக்கவில்லை. அண்ணன் முகாமில் இருப்பதாகக் கணினி சொன்னதை நம்பி மாத்தளைப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வவுனியா வரை போய், அவன் அங்கிருந்து போய் எவ்வளவோ நாளாகிவிட்டது என்று கேட்டுத் திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த அன்றுதான் மங்களேஸ்வரி பொறுப்பாளர் தம்பிராஜாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நேரம் இல்லாத பேரை நான் அடிக்கமாட்டன் ஐயா."

"நல்ல பிடிவாதம்" என்றார் அவர். ஆனால் சம்மதித்தார். அதன் பிறகு ஒரே ஆளின் பெயர் இரண்டு தரம் வந்தால், பிந்திய நேரத்தைக் கொண்ட பதிவே திரையில் மேலே நிற்கும். அதைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளையெல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டிருந்தது. சந்தையில், பஸ்ஸில், கலியாண வீட்டில், எங்கே நேரம் சொன்னாலும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று ஒரு கேள்வி கூடவே வரும். பக்கத்துக் கதிரையில் வேலை செய்யும் மஸீனா அலவத்துகொடயிலிருந்து வருகிறவள். "எங்கட வாப்பா இன்னும் ஏசுறாரு அக்கா. கவுண்மேந்து மணிய மாத்தும், சூரியன மாத்தேலுமாண்டு கேக்குறாரு" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

மங்களேஸ்வரியின் கணவன் நவரட்ணராஜா வன்னியில் அகப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாகக் கையில் கிடைத்த கடிதத்தில், "எப்படியும் வாறன்" என்று மட்டும் எழுதியிருந்தான். ஒவ்வொரு நாளும் ஊரார் பெயர்களை அடிக்கும்போது, அடுத்த வரியில் அவன் பெயர் இருக்கும் என்றே அவள் விரல்கள் நம்பின.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெயர் வந்தது. ஒரு தரமல்ல, இரண்டு தரம்.

முதல் தாள் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து வந்தது. 'நவரட்ணராஜா, சேர்க்கப்பட்டார். வெள்ளி 10.40.' படித்தவுடன் அவள் எழுந்தே விட்டாள். மஸீனா அவளைக் கட்டிப்பிடித்தாள். தம்பிராஜாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மறுநாள் காலை அலுவலக வான் வண்டி வவுனியாவுக்குப் புறப்படுகிறது. உறவினர் ஒருவர் நேரில் போய்ப் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தால்தான் ஆளை வெளியே விடுவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குவதால், அங்கே இருப்பவர்களை அதற்குள் வெவ்வேறு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்போகிறார்கள். பிரித்துவிட்டால் பிறகு எங்கே தேடுவது?

"உமக்கு ஒரு சீற் போட்டாச்சு பிள்ளை" என்றார் தம்பிராஜா.

மத்தியானம் வன்னி எல்லையிலுள்ள சோதனைச்சாவடியிலிருந்து இரண்டாவது தாள் வந்தது. 'நவரட்ணராஜா, திருப்பி அனுப்பப்பட்டார். வெள்ளி 11.00.'

அவள் கையாலேயே அதை அடித்தாள். அவள் போட்ட விதி அவள் கண்ணுக்கு முன்னாலேயே வேலை செய்தது. பத்து நாற்பது கீழே இறங்கிற்று, பதினொன்று மேலே ஏறிற்று. முகாமில் சேர்ந்தவனை இருபது நிமிஷத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களா?

தம்பிராஜா வந்து திரையில் இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "கோவியாதையும் பிள்ளை. முகாமிலை நிக்கிற ஆக்களின்ர உறவுக்குத்தான் வானுக்குள்ளை இடம். கம்ப்யூட்டர் சொல்லுறதைத்தானே நானும் பாக்கேலும்."

"ஓம் ஐயா" என்றாள் அவள். இது அவளே கேட்டு வாங்கிய விதி.

மஸீனா கீழே போய்த் தேநீர் வாங்கி வந்து வைத்தாள். மங்களேஸ்வரி குடிக்கவில்லை. "எந்திரிங்க, மிச்சத்த நான் அடிக்கிறேன்" என்று மஸீனா தாள்களை இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துத் தாளில் இன்னும் பாதிப் பெயர்கள் இருந்தன. பெரியதம்பி என்று கீழே கையெழுத்திட்டிருந்த, வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவரின் நிதானமான, அழகான எழுத்து. அவர் பெயர்களை மட்டும் எழுதவில்லை, நடந்ததையெல்லாம் எழுதியிருந்தார். மழை தூறியது, தண்ணீர் பவுசர் வண்டி வந்தது, எல்லாம் இருந்தது.

சட்டென்று மஸீனாவின் விரல்கள் நின்றன.

"அக்கா, இந்த மனிசன் என்ன எழுதியீக்காரு பாருங்களே."

"வாசியும்."

"'12.15. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. தொண்டர் ஹுஸைன் ஜும்ஆவுக்குப் போனார். பதிவு நிறுத்தம்.'"

"அதுக்கென்ன?"

"என்னக்கா அதுக்கென்ன! பன்னெண்டேகாலுக்கு யாரு மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ற? அது முந்திய கணக்கு. மணிய மாத்தின நாளையிலேந்து பாங்கு ஒரு மணிக்குப் பொறகுதானே! சூரியன் உச்சியிலேந்து எறங்காம பாங்கு சொல்லேலாது. இந்த ஆளு பழைய நேரத்துல எழுதியீக்காரு!"

மங்களேஸ்வரி தாளை வாங்கிப் பார்த்தாள். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் புது நேரம் கிடையாது. அங்கிருந்து வந்த ஒருவரின் கையில் பழைய நேரம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சோதனைச்சாவடியோ அரசாங்கத்தின் நேரத்தில் எழுதுகிறது. அப்படியென்றால் பெரியதம்பியரின் பத்து நாற்பது உண்மையில் பதினொன்று நாற்பது. முதலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் மறுபடி வந்து சேர்ந்திருக்கிறான்.

தம்பிராஜாவுக்கு உடனே மனம் வரவில்லை. "ஒரு பாங்கை நம்பியோ சீற் குடுக்கிறது?"

"சேர், மனிசன் பிழ விடுவான், உங்கட பொட்டியும் பிழ விடும்" என்றாள் மஸீனா. "சூரியன் விடுமா?"

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் முந்தைய வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்தார். அதிலும் அதே நிதானமான எழுத்து, அதே பன்னிரண்டேகால் பாங்கு. தாளை மேசையில் வைத்துவிட்டு, "விடிய வானடிக்கு வந்திடும்" என்றார்.

சந்தோஷத்தில் அவள் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பெரியதம்பியர் எழுதிய பெயர்கள் எல்லாமே ஒரு மணித்தியாலம் பிசகித்தானே கிடக்கின்றன? மஸீனாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவிலும் நேரத்துக்குப் பக்கத்தில் 'பழைய', 'புது' என்று குறித்துத் திருத்தினார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று மஸீனாவின் உம்மா கீழே மருந்துக்கடைக்கு ஃபோன் எடுத்து ஏசினாள். திருத்தி முடித்தபோது, முகாமில் இல்லையென்று கிடந்த இன்னொரு பெயர் மேலே வந்து நின்றது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன ராக்கம்மா. அவளுடைய அண்ணன் லெட்சுமணனுக்கு நாவலப்பிட்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

காலையில் லெட்சுமணன் ஒரு பார்சல் ரொட்டியோடு வானடியில் நின்றார். "என் தங்கச்சியக் கண்டுபுடிச்சுக் குடுத்தது நீங்களாம்மா? நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார்.

"நான் இல்லை. மஸீனா" என்றாள் மங்களேஸ்வரி. தம்புள்ள தாண்டும்வரை மஸீனாவின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு மேசை. பின்னால் வெள்ளை வேட்டியோடு பெரியதம்பியர். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது.

"என்ர மணிக்கூடு ஒரு நாளும் பிழைச்சதில்லை பிள்ளை. அவங்கள் மாத்தினதுக்கு நான் என்ன செய்ய?"

"பிழையெண்டு சொல்ல வரேல்லை. பாங்கை எழுதி வைச்சதுக்கு நன்றி சொல்ல வந்தனான்."

பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்ற இளைஞன்தான் ஹுஸைன். அவனிடம் திரும்பினாள். "நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதுக்கும் நன்றி, ஹுஸைன் நானா."

ஹுஸைன் வாளியைக் கீழே வைத்துவிட்டு விழித்தான். "தொழப் போனதுக்கு நன்றியா? எங்கட உம்மாகூடச் சொன்னதில்லையே!"

வகுப்பறைப் பக்கமிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மெலிந்து, தாடி வளர்ந்து, அவன்தான்.

"உங்களைத் திருப்பி விட்டவங்களாமே?" அவளுக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

"ஓமப்பா. அடையாள அட்டையைச் சைக்கிள் பையிலை விட்டிட்டு வந்திட்டன். திரும்ப ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தனான்."

"இந்தப் புத்தியோடையா ரெண்டு வருஷம் தனிய இருந்தனீங்கள்!" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கையெழுத்து வைக்கும் இடத்தில் நேரம் கேட்டிருந்தது. பெரியதம்பியர் தம் மணிக்கூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, நேரத்துக்குப் பக்கத்தில் 'பழைய' என்று அழகாக எழுதித் தாளை அவள் பக்கம் திருப்பினார்.