கங்காணியார் போட வேண்டிய வாய்க்கரிசி

அழகுமுத்து பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று பெரிய கங்காணி பொன்னையா சொன்னார். அவர் சொன்னால் மயில்கல் தோட்டத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சூரியன் மேற்கே உதித்தது என்று அவர் சொன்னாலும், "ஆமாங்க ஐயா, நாங்களும் பாத்தோம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்க ஆள் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லித் தோட்டத்து ஜனங்களின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்ட காலம் அது. ஓட்டே இல்லாதவனுக்கு வாய் மட்டும் எதற்கு என்று துரைமாரும் கங்காணிமாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ராக்காயிக்கு அந்தப் பேச்சு தொண்டைக்குள் இறங்கவில்லை. அழகுமுத்து அவள் புருஷன். தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற வேலை அவனுக்கு. முந்தின வாரம் சோறு தின்றுகொண்டே அவளிடம் சொல்லியிருந்தான்.

"கழிவுத்தூள்னு சொல்லி லொறியில ஏத்துறாங்கள்ல, மேலாப்புல கொஞ்சம்தான் கழிவு. அடியில பூராவும் நல்ல தூளு. கங்காணியும் ஃபெக்டரியப் பாத்துக்கிற டீமேக்கரும் கூட்டு. தொரைக்கும் பங்கு போவுது."

"ஒங்களுக்கு எதுக்குங்க அந்த வம்பு?"

"எடை கொறைஞ்சா எங்க தலையிலதான கட்டுறாங்க. சலிக்கிறவன்தான் திருடுறான்னு சொல்லி வேலாயி புருசன நிப்பாட்டிட்டாங்க. நாளைக்கு என்னையும் சொல்லுவாங்க. நான் சங்கத்துல சொல்லத்தான் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நோர்வூட்டில் இருந்த தொழிற்சங்க ஆபீசுக்குப் புறப்பட்டவன், மறுநாள் மத்தியானம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிய பிணமாக லயத்து வரிசை வீட்டுக்கு வந்தான். கூடவே கங்காணியும் வந்தார்.

"குறுக்குப் பாதையில வழுக்கி விழுந்துட்டான். பொலீசு வந்து பாத்துட்டுப் போயிருச்சு. அங்கயே குளிப்பாட்டியாச்சு. துணிய அவுக்க வேணாம், பாக்க சகிக்காது. பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருங்க" என்றார்.

பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக அந்த மனிதர் காரியம் பார்த்ததில்லை. பாடை கட்ட மூங்கில் தோட்டத்துச் செலவில் வந்தது. தப்படிக்கிறவர்களுக்குச் சாராயம் வந்தது. குழி வெட்ட ஆள் முன்னாலேயே போயிருந்தது. ஒரு தகரக் கூரை ஒழுகுகிறது என்று வருஷக்கணக்காக மன்றாடினாலும் அசையாத தோட்டம், ஒரு பிணத்தை மண்ணுக்குள் தள்ள இப்படி ஓடியாடியது.

ராக்காயி அழகுமுத்துவின் அண்ணன் பழனியாண்டியைப் பார்த்தாள். "மச்சான், எடுத்துட்டா அப்புறம் ஒண்ணுமே தெரியாமப் போயிரும். ஒரு தடவ அவுத்துப் பாத்துருவோம்."

"பேசாம இரு புள்ள. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழியில் மண் விழுந்துவிட்டால் பாறைதான் கொலைகாரன். பாறையை யார் விசாரிப்பது?

முகம் மட்டும் வெளியே தெரிந்தது. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலாயி மெதுவாகக் கேட்டாள்: "வாய்க்கட்டு யாருடி கட்டுனது? பங்காளிதானே கட்டணும்?"

அப்போதுதான் ராக்காயியும் கவனித்தாள். செத்தவனின் வாயைக் கட்டுவது சொந்தக்காரன் வேலை. அண்ணனோ தம்பியோ அழுதுகொண்டே கட்டுவான். பழனியாண்டி கட்டவில்லை. பிணம் வரும்போதே கட்டியிருந்தது. அதுவும் கன்னச் சதையை வெட்டுகிற மாதிரி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக. இழவு வீட்டில் அப்படிக் கட்ட மாட்டார்கள். சாக்கு மூட்டையை அப்படிக் கட்டுவார்கள்.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கங்காணியின் ஆளில் யார் செத்தாலும் முதல் வாய்க்கரிசி கங்காணியுடையது. அவருடைய அப்பன் இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். தன் ஆட்களுக்கெல்லாம் தானே தகப்பன் என்று பொன்னையா சொல்லிக்கொள்வார். நல்ல தகப்பன்! பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அரிசியில் கல்லைக் கலந்து விற்ற தகப்பன்.

கங்காணி குனிந்தார். ஒரு பிடி அரிசியை எடுத்து, முகத்தைப் பார்க்காமலே நெஞ்சுத் துணியின் மேல் தூவிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, அரிசி வாயிலதானுங்க போடணும்" என்றாள் ராக்காயி.

"வாய்தான் கட்டியிருக்குல்ல. போட்டாச்சு, அடுத்தவங்க வாங்க."

"கட்டுனது யாருங்க?"

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பெருமையடிக்க இடம் கிடைத்தால் விடுகிற மனிதரா அவர்? "நான்தான் கட்டுனேன். சொந்தம் யாரும் பக்கத்துல இல்ல. அனாதைப் பொணமாட்டம் கெடக்க விட மனசு வரல. வேற ஒருத்தனையும் தொட விடல, என் கையாலயே கட்டுனேன்" என்றார். இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்ப தகப்பன் கையாலயே வாயிலயும் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே ராக்காயி முடிச்சில் கை வைத்தாள்.

"அவுக்காத!" என்று கங்காணி பாய்ந்தார். வேலாயி குறுக்கே நின்றாள். கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரல்களுக்கு முடிச்சு ஒரு பாடா? துணி அவிழ்ந்தது. தாடை தொங்கியது. முன்பற்கள் உடைந்திருந்தன. வாய் நிறையக் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. அது உதட்டோரம் பொலபொலவென்று கொட்டியது.

பழனியாண்டி குனிந்து விரலில் தொட்டு மோந்து பார்த்தான். "தேத்தூளு" என்றான். "நல்ல தூளு."

முதலில் பேசியது கங்காணிதான். வெட்கங்கெட்டவனுக்குத்தான் பேச்சு முந்தி வரும்.

"பாத்தீங்களா? திருட்டுத் தூளு. வாயில ஒளிச்சு எடுத்துட்டுப் போயிருக்கான். செத்தவன் மானம் போகக் கூடாதேன்னுதான் நான் மூடி மறைச்சேன்."

அதற்கும் ரெண்டு தலை ஆடியது. அந்தத் தலைகளைப் பார்த்தபோதுதான் ராக்காயிக்கு வெறி வந்தது.

"திருடுறவன் தன் பல்ல ஒடைச்சுக்கிட்டா வாயில திணிச்சுக்குவான்? தொண்டைக்குழி வரைக்கும் இருக்கு, பாருங்க. சங்கத்துக்குப் போனவன மறிச்சு, பேசுவியா பேசுவியான்னு திணிச்சிருக்கீங்க. உள்ள தூளு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான ஒங்க கையாலயே கட்டுனீங்க? அப்புறம் பாறையில விழுந்தான்னு எதுக்குச் சொன்னீங்க?"

கங்காணி வாய்க்கட்டுத் துணியை எடுக்கக் கை நீட்டினார். ராக்காயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இந்த வாய நான் கழுவ மாட்டேன். இப்படியே நோர்வூட் பொலீசுக்குத் தூக்கிட்டுப் போறேன். கடைத்தெருவே பாக்கட்டும். அவங்க கேக்கலன்னா அட்டன் கோர்ட்டு வாசல்ல எறக்குறேன்."

"எவன் தோள் குடுக்குறான்னு பாக்குறேன்" என்று கங்காணி கத்தினார். "தோள் குடுத்தவனுக்கு நாளையிலேருந்து வேலைக்குப் பேர் கெடையாது. லயத்துல எடமும் கெடையாது. கப்பலேத்தி இந்தியாவுக்கே அனுப்பி வச்சிருவேன்."

ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவனும் அசையவில்லை. மீசை வைத்தவர்கள், காவடி எடுத்து ஆடுகிறவர்கள், சாராயம் உள்ளே போனால் மலையைப் பெயர்ப்பேன் என்கிறவர்கள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பெண்கள் பாடையைத் தொடுகிற வழக்கம் கிடையாது. ராக்காயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தலைமாட்டு மூங்கிலைப் பிடித்தாள். வேலாயி மறுபக்கம் வந்தாள். கால்மாட்டுக்குக் கொழுந்துக்காரிகள் இரண்டு பேர் கூப்பிடாமலே வந்தார்கள். நாள் தவறாமல் கூடை சுமந்து மலை ஏறுகிறவர்களுக்கு அழகுமுத்து பெரிய பாரமில்லை. பாடை எழும்பியது.

லயத்து வாசலைத் தாண்டுவதற்குள் பழனியாண்டி ஓடிவந்தான். முகமெல்லாம் கண்ணீர். "குடு புள்ள, நான் தூக்குறேன்."

"குழிக்குன்னா தொடாதீங்க மச்சான். நோர்வூட்டுக்குன்னா தோள் குடுங்க."

"நோர்வூட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தான். அப்புறம் இன்னொருவன் வந்தான். அப்புறம் லயமே வந்தது. தப்படிக்கிறவர்கள் கங்காணியின் சாராயத்தைத் தரையில் ஊற்றிவிட்டு முன்னால் நடந்தார்கள்.

பொன்னையா வீதியின் மேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொருவன் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டார். தினமும் விடிகாலையில், வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் அந்தக் குரல் தங்கள் பெயரைச் சொன்னதும் "ஐயா" என்று பதறிப் பதில் கொடுத்தே பழகிய ஜனம் அது. அன்றைக்கு அவர் தொண்டை கிழியும்வரை கூப்பிட்டார். ஒருவரும் பதில் கொடுக்கவில்லை.