நின்றுபோன லிஃப்ட்டில் வெற்றி சார்

லிஃப்ட் நின்றபோது என் மாப்பிள்ளை ‘தடைகளைத் தாண்டி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘தடை’ வரைதான் வந்தது. மிச்சம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். மற்றவர்களுக்கு அவர் வெற்றி சார். வாரக் கடைசியில் ஆறாவது மாடியில் ஒரு வாடகைக் கூடத்தில் வகுப்பு நடத்துகிறார். எல்லோரும் பார்த்து ரசித்த படங்களிலிருந்து ஒரு காட்சியைக் காட்டுவார். பிறகு அதிலிருந்து வாழ்க்கையில் முன்னேறுவதற்கான பாடத்தைப் பிழிந்து எடுப்பார். கதாநாயகன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்ததை வைத்துக்கொண்டு முன்யோசனையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர். படத்தை ஓடவிடுவதும் நிறுத்துவதும் என் வேலை. மாப்பிள்ளையிடம் வேலை பார்க்கிற மச்சானுக்குக் கருத்து என்று ஒன்று இருக்கக் கூடாது. நானும் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று வகுப்பு முடிந்து கீழே இறங்கும்போது லிஃப்ட்டில் எங்களோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். முதல் வகுப்பிலிருந்து முதல் நாற்காலியை விட்டுக்கொடுக்காதவர். நான் மனதுக்குள் அவருக்குச் சீடர் என்று பெயர் வைத்திருந்தேன். இன்னொருவர் அவர் மனைவி. வாராவாரம் இந்த மனுஷன் எங்கேதான் போகிறார் என்று நேரில் பார்க்க அன்றுதான் வந்திருந்தார். பார்த்துவிட்டார், அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

மின்விசிறி நின்றது. பெரிய விளக்கு அணைந்து, மூலையில் சின்னதாக ஒன்று மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் நாலு பேரும் ஏற்கனவே செத்துப்போனவர்கள் மாதிரி இருந்தோம்.

சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். காவலாளியின் குரல் கரகரத்தது.

“மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறீங்க சார். மெக்கானிக் கிளம்பிட்டார். பதட்டப்படாதீங்க. கதவை மட்டும் தொட்டுடாதீங்க.”

“காத்து வருமா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“வரும் சார். வராம எங்க போகும்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பயத்தை வெல்ல வழி சொல்கிறவருக்கு லிஃப்ட் என்றால் பயம் என்பது எனக்கும் என் தங்கைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் தியானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்போது லிஃப்ட் ஒரு சாண் கீழே சரிந்தது.

ஒரு சாண்தான். ஆனால் என் வயிறு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. சீடரின் மனைவி கத்தினார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். நானும் கத்தினேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

கத்தாதவர் சீடர் ஒருவர்தான். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது.

“சார், இன்னைக்குக் காட்டுன காட்சி இதேதான் சார்!” என்றார்.

அன்று காட்டியது ஒரு கப்பல் காட்சி. கப்பல் மூழ்குகிறது, ஓர் அறையில் மாட்டிக்கொண்ட கூட்டம் உதவிக்காகக் காத்திருக்கிறது, கதாநாயகன் மட்டும் மேலே இருந்த சந்து வழியாகத் தவழ்ந்து வெளியேறுகிறான். காத்திருக்கிறவன் கூட்டம், கிளம்புகிறவன் நாயகன் என்றார் மாப்பிள்ளை. கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

சீடர் இரண்டு கையாலும் லிஃப்ட் கதவை விலக்கினார். அது பழைய கதவு, முனகிக்கொண்டே திறந்தது. எதிரே முக்கால்வாசி வெறும் சிமெண்ட் சுவர். அதற்கு மேலே, எங்கள் தலை உயரத்தில், நாலாவது மாடியின் தரை தெரிந்தது. அந்தத் தரைக்கும் லிஃப்ட் கூரைக்கும் நடுவே ஓர் ஆள் குப்புறப் படுத்தால் நுழையலாம். அவ்வளவுதான் இடம். மாடிப் பக்கத்துக் கதவின் கொக்கியையும் எட்டித் தட்டிவிட்டார். அதுவும் விலகியது.

“என்னங்க பண்றீங்க?” என்றார் மனைவி.

“வெளிய போய் உதவி கூட்டிட்டு வரேன்.”

“உதவிதான் வந்துக்கிட்டிருக்கே!”

“அது காத்திருக்கிறவங்க பேச்சு,” என்றார் சீடர். தோள்பையை முதலில் மேலே தள்ளினார். பிறகு சுவரின் விளிம்பைப் பிடித்து எக்கி, தலையையும் தோளையும் அந்த இடைவெளிக்குள் நுழைத்தார். கால்கள் இந்தப் பக்கம் தொங்கின.

லிஃப்ட் இன்னொரு தடவை சரிந்தால் அந்தக் கூரை நேராக அவர் முதுகில் இறங்கும். கணக்குப் போடத் தெரியாதவனுக்கும் தெரியும். மறுபடியும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

“மெக்கானிக் வந்துட்டார் சார்!” காவலாளியின் குரலில் உற்சாகம். “மொட்டை மாடிக்கு ஏறிட்டார். இப்ப கையாலயே மெதுவா மூணாவது மாடிக்கு இறக்கிடுவாரு. நானும் கூடமாட ஒத்தாசைக்குப் போறேன்.”

“இறக்க வேண்டாம்னு சொல்லுங்க! ஆள் நடுவுல இருக்காரு! ஹலோ!”

கரகரப்பு நின்றுபோயிருந்தது. எங்களைக் காப்பாற்ற ஓடிவிட்டார்.

“மாப்ள, சொல்லுங்க!” என்றேன். “நீங்க சொன்னாத்தான் கேப்பார்.”

“சார், நீங்கதானே ஏத்திவிட்டீங்க, நீங்களே இறக்கிவிடுங்க,” என்றார் சீடரின் மனைவி. கணவரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கால்களை உதறி விடுவித்துக்கொண்டார்.

நூறு பேர் முன்னால் ஒலிபெருக்கி இல்லாமல் முழங்குகிற மனிதரிடமிருந்து பூனைக்குட்டிக் குரல் ஒன்று வந்தது.

“தம்பி, வேண்டாம். இறங்குங்க.”

“தெரியும் சார்,” என்றது மேலிருந்து வந்த குரல். “கடைசி நேரத்துல குரு தடுப்பாரு. தடுத்தா நிக்கிறவன் துணை நடிகன். நீங்க சொன்னதுதான்.”

“அது சும்மா சொன்னது தம்பி! வாய்க்கு வந்ததைச் சொன்னேன்!”

“இதையும் சொல்லியிருக்கீங்க சார். கடைசிச் சோதனையில குரு தன்னையே பொய்னு சொல்லுவாரு.”

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வீட்டுக்கு இருக்கிற கதவையெல்லாம் தானே பூட்டிச் சாவியை விழுங்கியவர் அப்படித்தான் பார்ப்பார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பயத்தில் வருகிற ஆத்திரம். “யோவ், அந்தக் கப்பல் அட்டைப் பலகைய்யா! சந்துல தவழ்ந்தது கதாநாயகனே இல்ல, டூப்பு!” என்று கத்தினேன்.

தொங்கிய கால்கள் உதறுவதை நிறுத்தின. அப்பாடா என்று நினைத்தேன்.

“அப்படின்னா அந்த டூப்புதான் சார் உண்மையான நாயகன். பேர் இல்லாம உழைக்கிறவன். எவ்வளவு பெரிய பாடம்!”

எதைக் கொடுத்தாலும் பாடமாக அரைத்துத் தள்ளுகிற இயந்திரம் ஒன்றை மாப்பிள்ளை அந்த மண்டைக்குள் பொருத்தியிருந்தார். நிறுத்தும் பொத்தானை வைக்க மறந்துவிட்டார்.

இடுப்புவரை போய்விட்டார் சீடர். பெல்ட்டின் கொக்கி விளிம்பில் மாட்டிக்கொண்டது. மேலும் போக முடியாமல் உடம்பை அசைத்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே எங்கோ தொலைவில் இரும்பு இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. நின்றது. மறுபடி ஒரு தட்டு. கயிறுகள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டன. என் பாதத்துக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது.

“ஐயோ, இறக்கப் போறாங்க!” சீடரின் மனைவியின் குரல் உடைந்துபோனது. “யாராவது ஏதாவது செய்யுங்களேன்!”

அந்த நேரம் மாப்பிள்ளை செய்ததை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அவர் பேசவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னால் பாய்ந்து, சீடரின் இரண்டு முழங்காலையும் கட்டிப்பிடித்து, தன் முழு எடையோடும் கீழே தொங்கினார். சோறு போட்டு என் தங்கை வளர்த்த எடை. அது அன்றுதான் முதல்முறையாக ஒரு மனிதனுக்குப் பயன்பட்டது.

பெல்ட் கொக்கி தெறித்தது. சீடர் விளிம்பில் வயிறு, மார்பு, மோவாய் என்று வரிசையாக உரசிக்கொண்டு வந்து விழுந்தார். மாப்பிள்ளை அடியில், அவர் மேல் சீடர், தடுமாறி அந்த இருவர் மேல் நான்.

லிஃப்ட் இறங்கியது.

இடைவெளி சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். மெதுவாகத்தான் இறங்கியது. அந்த மெதுவில்தான் கொடுமையே இருந்தது. சீடர் மேலே தள்ளிய தோள்பை விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கூரை அதன்மேல் உட்கார்ந்தது. உள்ளே இருந்த இரும்புத் தண்ணீர்ப் புட்டி கொஞ்ச நேரம் எதிர்த்துப் பார்த்தது. பிறகு ஒரு சத்தம். நசுங்கிய சத்தம் என்று எழுதிவிடலாம். ஆனால் கேட்ட நாலு பேருக்கும் அது வேறு மாதிரி கேட்டது. சுவரில் தண்ணீர் வழிந்தது.

மூன்றாவது மாடி வந்தது. கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கும் காவலாளியும் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து, சிரித்த முகத்தோடு கதவை விலக்கினார்கள். “பார்த்தீங்களா சார், பயப்படவே வேண்டாம்னு சொன்னேன்ல?” என்றார் காவலாளி. பிறகு எங்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

சீடர் எழுந்து உட்கார்ந்தார். மோவாயில் ரத்தம். சுவரில் வழிகிற தண்ணீரைப் பார்த்தார். அது எங்கிருந்து வருகிறது என்று மேலே பார்த்தார். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. எங்கள் எல்லோருக்கும் எப்போதோ வந்த பயம் அவருக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. விரல் நடுங்கி, தோள் நடுங்கி, கடைசியில் ஆள் முழுசும் நடுங்கினார்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அந்த நேரத்தில் நானாக இருந்தால் அறைந்திருப்பேன். அவர் கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“நடுங்குங்க,” என்றார். “நல்லா நடுங்குங்க. நான் புடிச்சுக்கிட்டிருக்கேன்.”

மாப்பிள்ளை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. சீடரின் காலையும் விடவில்லை. எழுந்திருங்க மாப்ள, வந்தாச்சு என்று சொல்லிப் பார்த்தேன். காது கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் மெக்கானிக் முழங்காலிட்டு, விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.